பறம்பு மலை முற்றுகை

"டீச்சர், பாரிமுனைதானே பாரி வள்ளலின் ஊர்?"

ஒன்பதாம் வகுப்பில் கடையெழு வள்ளல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து எழுந்த கேள்வி இது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இராயப்பேட்டை மணிக்கூண்டருகே பஸ் ஏறி, பலகையில் 'பாரிமுனை' என்று படித்துப் படித்து வளர்ந்த பெண் வேறு எப்படி நினைப்பாள்? 1788-இல் சென்னைக்கு வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டவர் பெயரால் வந்தது அந்த முனை. முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் பாரியின் ஊர் ஒரு மலை. அதற்குப் பறம்பு என்று பெயர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அருகே உள்ள பிரான்மலையே அது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். திருஞானசம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் அம்மலையில் இருக்கிறது. உச்சியில் ஒரு தர்காவும் உண்டு.

பாரி என்றதும் தேரும் முல்லையும்தான் எல்லாருக்கும் நினைவு வரும். பரீட்சைக்கும் அதுவே போதும். ஆனால் அந்த மலையைச் சுற்றி ஒரு பெரும் போர் நடந்தது என்பதும், தோற்றவர்கள் பக்கத்திலிருந்து அந்தப் போரைப் பற்றி நேரில் கண்டவர்கள் பாடிய பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. அதை இந்த ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பறம்பைப் பற்றிச் சொல்லுமுன் கடல் கடந்து ஒரு நடை போய்வருவோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய பிரான்ஸ் நாட்டின் பெரும்பகுதிக்குக் கோல் என்று பெயர். (நம் செங்கோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஆஸ்டெரிக்ஸ் என்ற சித்திரக் கதையை உங்களில் சிலர் படித்திருக்கக்கூடும். 1959-இல் தொடங்கிய அந்தப் பிரெஞ்சுக் கதையில் வரும் மீசைக்காரர்கள்தாம் கோல் மக்கள். அவர்களில் பல குடிகள் மலைகளின்மேல் மதில் கட்டி ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். ரோமாபுரிச் சேனாதிபதி ஜூலியஸ் சீசர் அந்நாட்டைப் பிடிக்கப் படையெடுத்தார். ஊர் ஊராக வீழ்ந்தது. கி.மு. 52-இல் அவேரிக்கம் என்ற ஊர் வீழ்ந்தபோது பெண்கள், குழந்தைகள், முதியவர் என்று ஒருவரையும் ரோமானிய வீரர்கள் விடவில்லை. அங்கிருந்த 40,000 பேரில் தப்பியவர்கள் 800 பேர்தான் இருக்கும் என்று சீசரே எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டே அவர் ஜெர்கோவியா என்ற மலையூரை முற்றுகையிட்டார். அதைக் காத்தவன் வெர்சிஞ்சிடோரிக்ஸ் என்ற இளந்தலைவன். பெயரைச் சொல்லப் பழகுவதற்கே ஒரு பீரியட் வேண்டும்! நாற்புறமும் ஏறுவதற்கு அரிய மேட்டுநிலம் அது. சீசரிடம் ஆறு படைப்பிரிவுகள் இருந்தன. ஒரு நாள் ரோமானியர்கள் திடீரென்று ஏறி மதில் வரை வந்துவிட்டார்கள். அப்போது ஊர்ப் பெண்கள் மதில்மேல் வந்து நின்று, துணிகளையும் வெள்ளியையும் கீழே எறிந்து, கைகளை நீட்டி, அவேரிக்கத்தில் செய்ததுபோல் எங்களைச் செய்துவிடாதீர்கள் என்று மன்றாடினார்கள். சற்று நேரத்தில் ஊரின் மறுபக்கம் வேலை செய்துகொண்டிருந்த தங்கள் வீரர்கள் ஓடிவந்ததும் அதே பெண்கள் அவர்கள் பக்கம் திரும்பினார்கள். தலைமயிரை விரித்துப்போட்டு, குழந்தைகளைத் தூக்கிக் காட்டி, போரிடும்படி வேண்டினார்கள். ரோமானியப் படை உருண்டு கீழே வந்தது. ஏறக்குறைய 700 பேர் மாண்டனர்; அவர்களில் நூற்றுவர் தலைவர்களே 46 பேர். சீசர் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில வாரங்கள் கழித்து அலேசியா என்ற இன்னொரு மலையூரில் வெர்சிஞ்சிடோரிக்ஸ் அகப்பட்டுக்கொண்டான். இம்முறை சீசர் மதிலேறப் பார்க்கவில்லை. மலையைச் சுற்றி 11 மைல் நீளத்துக்கு அகழியும் அரணும் கட்டினார். வெளியிலிருந்து உதவிக்கு வரும் படையைத் தடுக்க 14 மைலில் இரண்டாவது வளையமும் கட்டினார். உள்ளே தானியம் முப்பது நாளுக்குத்தான் இருந்தது. தீர்ந்துபோகும் நிலை வந்ததும், போரிட முடியாதவர்கள் என்று அவ்வூர்ச் சொந்தக் குடிகளான மாண்டூபியரையே, மனைவி மக்களோடு, வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ரோமானியர் அரண்வரை வந்து, எங்களை அடிமைகளாக வைத்துக்கொண்டாவது சோறு போடுங்கள் என்று அழுதார்கள். ஏற்கக் கூடாது என்று காவல் போட்டார் சீசர். அதன்பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் எழுதவில்லை. இரு படைகளுக்கும் நடுவே மாண்டுபோனார்கள் என்று பிற்காலத்து வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதினார். வெர்சிஞ்சிடோரிக்ஸ் சரணடைந்தான். ஆறு ஆண்டு சிறை, கி.மு. 46-இல் ரோமாபுரி வீதிகளில் வெற்றி ஊர்வலத்தில் காட்டப்பட்டபின் கொல்லப்பட்டான்.

இந்தச் செய்திகளில் பெரும்பகுதி சீசர் எழுதிய நூலிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. தன்னைப் பற்றியே 'சீசர் இப்படிச் செய்தார்' என்று மூன்றாம் மனிதரைப்போல் எழுதிக்கொண்ட கெட்டிக்காரர் அவர். இலத்தீன் கற்ற தலைமுறைகள் பலவும் அந்த நூலைப் படித்துத்தான் கற்றன. மதில்மேல் நின்ற பெண்களில் ஒருத்தியாவது தன் வாயால் சொன்ன சொல் எங்கும் இல்லை. வென்றவர் கண்ணால்தான் அவர்களைப் பார்க்கிறோம்.

இனிப் பறம்புக்கு வருவோம்.

பாரி பேரரசன் அல்லன். வேளிர் என்ற குறுநிலத் தலைவர்களில் ஒருவன். பறம்பு நாட்டில் 300 ஊர்கள் இருந்தன என்று அவன் உயிர்த் தோழராகிய கபிலர் பாடுகிறார். சங்கப் புலவர்களில் மிகுதியான பாட்டுப் பாடியவர் கபிலர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொன்னவரும் அவரே. மலையைப் பாடுவதற்கென்றே பிறந்தவர் என்று சொல்லலாம். அவர் பாரியின் அவையில் வெறும் பரிசில் பெறும் புலவராக இருக்கவில்லை. வீட்டு மனிதராகவே இருந்தார். பாரியின் பெண்கள் அவர் மடியில் வளர்ந்திருக்க வேண்டும்.

சேரன், சோழன், பாண்டியன் என்னும் முடியுடை மூவேந்தரும் ஒன்றுசேர்ந்து பறம்பை வளைத்தார்கள். ஒருவரோடொருவர் எப்போதும் மோதிக்கொண்டிருந்த மூவரும் ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒரு சிறு மலையைப் பிடிப்பது என்பது வேடிக்கைதான். காரணம் என்ன? பாரியின் புகழ் மேலிருந்த பொறாமை என்று கதை சொல்வார்கள். ஆனால் புறநானூற்றின் பழைய குறிப்பு வேறொன்றையும் காட்டுகிறது. அந்த நூலில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் திணை, துறை என்று எழுதியிருக்கும். முற்றுகைக் காலத்தில் கபிலர் பாடிய பாட்டுகளுக்குத் துறை 'மகள் மறுத்தல்'. பெண் கேட்டார்கள், தந்தை கொடுக்க மாட்டேன் என்றான், படை வந்தது.

இது பறம்பில் மட்டும் நடந்த செய்தி அன்று. புறநானூற்றின் பிற்பகுதியில் மகட்பாற் காஞ்சி என்ற துறையில் ஒரு தொகுதிப் பாட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சி. ஒரு சிற்றூர், அதில் ஓர் அழகிய பெண், வாசலில் யானைகளோடு வேந்தன், கொடுக்க மறுக்கும் தந்தையும் தமையன்மாரும், அழியப்போகும் குளமும் வயலும். இந்தப் பெண் பிறந்ததால் அல்லவா இந்த ஊருக்கு இந்த நிலை என்று அவற்றுள் சில பெருமூச்சு விடுகின்றன. எனக்கு அந்தப் பெருமூச்சு பிடிப்பதில்லை. யானையோடு வந்தவனை விட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்தவளை நொந்துகொள்வது என்ன நியாயம்? கபிலரின் பறம்புப் பாட்டுகளில் அந்தக் குறை இல்லை. அவர் பெண்களை ஓரிடத்திலும் குற்றம் சொல்லவில்லை. வேந்தர்களைத்தான் கேலி செய்கிறார்.

தமிழில் முற்றுகைக்கு அழகான ஓர் ஏற்பாடு உண்டு. மதிலை வளைப்பவர் உழிஞைப் பூவைச் சூடுவர். மதிலைக் காப்பவர் நொச்சியைச் சூடுவர். அந்தப் பூக்களின் பெயரே போரின் பெயர். நொச்சி தெரியாதவர்கள் உங்களில் இருக்க முடியாது. சளி பிடித்தால் பாட்டி வெந்நீரில் இலையைப் போட்டு ஆவி பிடிக்கச் சொல்வாரே, அதே நொச்சி. கடற்கரையோரம் நொச்சிக்குப்பம் என்று ஒரு பகுதிக்கே அதன் பெயர் இருக்கிறது. கபிலரின் பாட்டு நொச்சித் திணை. அதாவது அவர் மதிலின் உள்ளே நின்று பாடுகிறார். சீசர் நூலைப்போல் வெளியே நின்று எழுதியது அன்று.

மலையூர் ஒன்று முற்றுகையைத் தாங்க வேண்டுமானால் இரண்டு வேண்டும்: சோறு, நீர். அலேசியாவில் சோறு தீர்ந்தது. கி.மு. 51-இல் உக்செல்லோடூனம் என்ற மற்றொரு கோல் மலையூரில் ரோமானியர் நிலத்தடியில் சுரங்கம் தோண்டி ஊற்றின் நீரையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். தெய்வமே ஊற்றை எடுத்துக்கொண்டது என்று எண்ணி ஊரார் சரணடைந்தனர். ஆயுதம் எடுத்தவர்களின் கைகளைச் சீசர் வெட்டச் சொன்னார்.

கபிலர் இந்தக் கணக்கைத்தான் மூவேந்தருக்குச் சொல்கிறார், புறநானூற்றின் 109ஆம் பாட்டில். எங்கள் மலையில் உழவர் உழாமலே விளைவன நான்கு உண்டு என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வயலை நீங்கள் மறித்துக்கொண்டாலும் எங்களுக்குக் கவலையில்லை என்று பொருள். நீருக்கோ, வானத்து மீன்களைப்போல் மலையெங்கும் சுனைகள். நீங்கள் மரத்துக்கு மரம் யானையைக் கட்டுங்கள், வயல்தோறும் தேரை நிறுத்துங்கள், வாளால் இதைப் பெற முடியாது என்கிறார். அதற்குப் பிறகுதான் கேலி. பெறுவதற்கு வழி எனக்குத் தெரியும், சொல்கிறேன். சிறிய யாழை எடுத்துக்கொண்டு, விறலியர் பின்னே வர, ஆடிப்பாடி வாருங்கள். நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான்! கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவனை, கேட்கத் தெரியாதவர்கள் வளைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது பொருள். அடுத்த பாட்டில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அந்த 300 ஊரையும் இரவலர் முன்பே வாங்கிப் போய்விட்டார்கள், மிஞ்சியிருப்பது நானும் பாரியும் இந்த மலையும்தான் என்கிறார்.

இந்த முற்றுகை நாள்கணக்கில் முடிந்துவிடவில்லை. ஆண்டுகள் பல கழிந்தன என்று அகநானூற்றில் நக்கீரர் குறிப்பிடுகிறார். தொலைவிலிருந்து செந்நெற் கதிர் வந்து சேர்ந்தது, கபிலர் அந்த ஏற்பாட்டைச் செய்தார் என்ற செய்தியும் அதிலேயே வருகிறது. காலையில் பறந்துபோய் மாலையில் நெல்லோடு திரும்பும் பறம்பின் குருவிக்கூட்டத்தை ஒளவையார் தம் அகநானூற்றுப் பாட்டில் காட்டுகிறார். இவற்றை வைத்து, கபிலர் கிளிகளைப் பழக்கி நெல் கொண்டுவரச் செய்தார் என்று பிற்காலத்தார் விரித்துச் சொன்னார்கள். கிளி எத்தனை கதிர் கொண்டுவந்திருக்க முடியும் என்று கணக்குப் போடுகிற பெண் உங்களில் யாராவது இருந்தால், அவளுக்கு என் பாராட்டு. பாட்டு சொல்லும் உண்மை இவ்வளவு: வெளியே செல்லும் வழிகள் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. இன்னொன்றும் நக்கீரர் சொல்கிறார். யானைப் படையுடைய வேந்தர்களைப் பாரி ஒருமுறை ஓடச் செய்தான். ஜெர்கோவியாவில் நடந்ததுபோலவே இங்கும் முதல் வெற்றி மலையூருக்குத்தான்.

கடைசியில் பாரி இறந்தான். மலை வேந்தர் கையில் போயிற்று. வஞ்சனையால் கொன்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. இறுதிப் போர் எப்படி நடந்தது என்று ஒரு புலவரும் பாடவில்லை. கபிலருக்கு அதைப் பாட மனம் வந்திருக்காது. பாட்டில் நாம் அடுத்துக் காண்பது, எல்லாம் முடிந்தபின் மலையிறங்கிப் போகிறவர்களைத்தான்.

அந்தப் பாட்டுகளில் ஒன்று மட்டும் கபிலர் பாடியது அன்று. 112ஆம் பாட்டு. ஆசிரியர் பெயர் 'பாரி மகளிர்' என்று இருக்கிறது. ஐந்தே அடி. இரண்டு நிலா இரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பாட்டு அது. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் போனவை இரண்டு: மலை, தந்தை. அழுதோம் என்று ஒரு சொல் இல்லை. பகைவரைத் திட்டி ஒரு சொல் இல்லை. வேந்தர்களின் முரசைப் பற்றிய ஓர் அடைமொழியில் மட்டும் சிறு குத்தல் இருக்கிறது என்று எனக்குப் பாடம் சொன்ன தமிழாசிரியர் காட்டுவார். பாட்டை இங்கே எழுதவில்லை. நூலகத்தில் புறநானூறு இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஜெர்கோவியாவின் மதில்மேல் நின்ற பெண்களையும் இவர்களையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. அங்கே வென்றவர் எழுதினார், பெண்கள் பேச்சு போய்விட்டது. இங்கே வென்ற மூவேந்தர் யார் யார் என்று பெயரைக்கூடப் பாட்டு சொல்லவில்லை. எந்தச் சேரன், எந்தச் சோழன், எந்தப் பாண்டியன்? 'வேந்தர்' என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டார்கள். தோற்றவன் பெயரும், அவன் தோழர் பெயரும், மலையில் என்ன கிழங்கு விளைந்தது என்பதும்கூட நமக்குத் தெரிகிறது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. பாட்டைப் பாடிய பெண்களின் பெயர் சங்க நூல்களில் இல்லை. பாரி மகளிர், அவ்வளவே. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலக் கதைகளில் வருபவை. நம் இராயப்பேட்டைக்குப் பக்கத்திலே இருந்த ஜெமினி ஸ்டூடியோவில் தயாராகி 1953-இல் வெளிவந்த 'ஒளவையார்' படத்திலும் இந்தப் பெண்கள் வருகிறார்கள். பெரியவர்கள் அந்தப் படத்தைப் பற்றி இன்றும் பேசுவதுண்டு. ஆனால் 2007-இல் வந்த வேறொரு படத்தில் இந்தப் பெயர்களைக் கேலிக்காகப் பயன்படுத்தினார்கள். அதன் பலனை நான் வகுப்பில் பார்த்தேன். அங்கவை, சங்கவை என்று சொன்னவுடன் முன்வரிசைப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். சொல்லவில்லை. கரும்பலகையில் அந்த ஐந்து அடியையும் எழுதிப் பொருள் சொன்னேன். பிறகு சிரிக்கவில்லை.

சீசரின் உலகமும் பறம்பின் உலகமும் ஒன்றையொன்று அறியாதவை என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நூற்றாண்டுகளில் யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து முசிறியில் மிளகு ஏற்றிப் போயின. சீசரின் சுவீகாரப் புதல்வர் அகஸ்டஸ். அவர் முகமும், அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸ் முகமும் பொறித்த நாணயங்கள் கோயம்புத்தூர்ப் பகுதியில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை உங்கள் தகப்பனாரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கோல் நாட்டின் மலையூர்களை அழித்த அதே அரசின் காசு, நம் மலைகளில் விளைந்த மிளகுக்கு விலையாக வந்திருக்கிறது.

பாட்டுகள் நம் கைக்கு வந்த வழியிலும் ஓர் அண்டை வீட்டுச் செய்தி உண்டு. ஏட்டுச் சுவடிகளில் கிடந்த புறநானூற்றை 1894-இல் அச்சில் கொண்டுவந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அப்போது அவர் கும்பகோணத்தில் இருந்தார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபின், நமக்கு நடை தூரத்திலுள்ள திருவேட்டீசுவரன்பேட்டையில் பல ஆண்டுகள் குடியிருந்தார். 'தியாகராச விலாசம்' என்ற அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தை அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் காணலாம். ஏடுகளைக் கரையான் தின்றிருந்தால் பாரி என்றால் பஸ் நிறுத்தம் ஒன்றுதான் நமக்குத் தெரிந்திருக்கும்.

மலையிறங்கிய பெண்களுக்கு என்ன ஆயிற்று?

கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறார், மலை தெரிகிறது. இன்னும் போய்ப் பார்க்கிறார், அப்போதும் தெரிகிறது. அதையும் ஒரு பாட்டாகப் பாடியிருக்கிறார். மற்றொரு பாட்டில் பறம்பை ஒரு சிறு குளத்துக்கு ஒப்பிடுகிறார். எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையை உடைய குளம். காப்பாரின்றி அந்தக் கரை உடைந்துகொண்டிருக்கிறது. தலைவனை இழந்த நாட்டைப் பற்றி இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டது 116ஆம் பாட்டு. பெண்கள் இப்போது ஒரு சிறு வீட்டில் இருக்கிறார்கள். முள்வேலி, புல் மூடிய வழி, பீர்க்கும் சுரையும் படர்ந்த பக்கம். வீட்டருகே ஒரு குப்பைமேடு. அதன்மேல் ஏறி நின்று, சாலையில் போகும் உப்பு வணிகரின் வண்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். பொழுது போக வேண்டுமே! கபிலர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதே பெண்கள் சில காலத்துக்கு முன் தங்கள் மலையுச்சியில் நின்று, சண்டைக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை இப்படித்தான் எண்ணினார்கள் என்பது அவர் நினைவுக்கு வருகிறது. முற்றுகை நடந்த காலத்தில் அவர்கள் மிகச் சிறியவர்களாக இருந்திருப்பார்கள் என்று இதைப் படிக்கும்போது தோன்றும். படை வந்திருக்கிறது என்று பயப்படாமல் குதிரையை எண்ணுகிற வயது.

தந்தையற்ற பெண்களுக்கு ஓர் இடம் தேடுவதே பின்பு கபிலரின் வேலையாயிற்று. விச்சிக்கோ என்ற மலைநாட்டுத் தலைவனிடம் போய், இவர்கள் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் மக்கள் என்று சொல்லி மணந்துகொள்ள வேண்டினார். இருங்கோவேளிடமும் கேட்டார். அவன் ஏற்கவில்லை. அப்போது கபிலருக்கு வந்த கோபம் 202ஆம் பாட்டாக இருக்கிறது. புலவரை அவமதித்ததால் உன் முன்னோரின் அரையம் என்ற பேரூர் அழிந்த கதை உனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு வருகிறார். பாரியை அழித்த மூவேந்தரின் பகைக்கு அஞ்சித்தான் மற்றத் தலைவர்கள் தயங்கினார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம் கபிலர் போனதும் உண்டு. அங்கேயும் முதலில், பாரி இறந்துவிட்டான் என்பதற்காக உன்னிடம் கையேந்த வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்குகிறார். அந்தச் சேரன் நூறாயிரம் காணமும், நன்றா என்ற குன்றின்மேல் ஏறி நின்று கண்ணுக்கெட்டிய நாடும் கொடுத்தான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் கூறுகிறது.

பெண்களைக் கபிலர் அந்தணர் வீட்டில் அடைக்கலமாக விட்டார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. அதன்பின் தோழனைப் பிரிந்து உயிர்வாழ மனமின்றி வடக்கிருந்து உயிர் நீத்தார். அந்தச் சமயத்தில் பாடிய பாட்டில், என்னை விட்டுவிட்டு நீ மட்டும் போனது நம் நட்புக்குப் பொருந்துமா என்று இறந்த பாரியிடமே சண்டை பிடிக்கிறார். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தச் செய்தியைச் சற்று மாற்றிச் சொல்கிறது. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையன் என்ற அவ்வூர்த் தலைவனுக்குக் கொடுத்துவிட்டு, கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அது. ஆற்றின் நடுவே நிற்கும் ஒரு பாறையை இன்றும் கபிலர் குன்று என்று காட்டுகிறார்கள். அதன் உச்சியில் ஒரு சிறிய கோயில் இருக்கிறது.

இந்தக் கல்வெட்டுச் செய்தியை வகுப்பில் சொல்லி முடித்தேன். பாரிமுனைக் கேள்வி கேட்ட அதே பெண் மறுபடியும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், கல்வெட்டில் ஒரு பொண்ணுதானே வருது? இன்னொருத்தி எங்கே போனாள்?"